கண்ணாடிக் குமிழி: எண்ணெய்த் தொட்டியிலிருந்து இறக்கைக்கு

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் கொட்டகையில் ஒரு வெள்ளைப் பொடி மூட்டை கட்டாயம் இருக்கும். பார்வைக்குப் பெரிய மூட்டை, தூக்கினால் கனமே தெரியாது. ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய அள்ளினாலும் எடை நூறு கிராமைச் சுற்றித்தான் நிற்கும். வாயைக் கட்டாமல் விட்டால் சின்னக் காற்றுக்கே எழும்பி அறை முழுக்க மிதக்கும். அதன் ஒவ்வொரு துகளும் உள்ளே வெறுமையான கண்ணாடி உருண்டை. குறுக்களவு சராசரியாக 60 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பதினாறு உருண்டைகளை வரிசையாக அடுக்கலாம். சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. மைக்ரோபலூன் என்பது அதன் பெயர். கட்டுகிறவர்கள் ‘மைக்ரோ’ என்று சுருக்கிவிடுவார்கள்.

விமானத்துக்காகப் பிறந்த பொருள் இல்லை இது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. பெரிய தொட்டிகளில் தேக்கிவைத்த கச்சா எண்ணெய் ஆவியாகிக் கொண்டே இருந்தது. எண்ணெயின் மேல் மிதந்து, மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கூடவே ஏறி இறங்கி மூடிக்கொள்கிற போர்வை ஒன்று வேண்டும். அதற்காக அவர்கள் செய்ததுதான் பினாலிக் பிசினால் ஆன செம்பழுப்பு நிற நுண்குமிழி. கோடிக்கணக்கான குமிழிகள் எண்ணெயின் மேல் ஒரு படலமாக மிதந்து ஆவியைத் தடுத்தன. மைக்ரோபலூன் என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக் குமிழி அடுத்த பத்தாண்டில் வந்தது. மின்னசோட்டாவின் 3எம் நிறுவனம் ஏற்கெனவே சாலைப் பலகைகளை இரவில் ஒளிரவைக்கும் திடக் கண்ணாடி மணிகளைச் செய்துகொண்டிருந்தது. 1960-களில் அதே கைப்பழக்கம் வெறுமையான மணிகளுக்கு வழிவிட்டது. கண்ணாடித் தூளுக்குள் கந்தகச் சேர்மம் கொஞ்சம் இருக்கும்படி உருக்கி, அரைத்து, அந்தத் தூளைத் தீச்சுவாலைக்குள் விடுவார்கள். துகள் இளகும் அதே கணத்தில் உள்ளிருக்கும் கந்தகம் வாயுவாகிக் கண்ணாடியை உள்ளிருந்து ஊதும். சுவாலையைத் தாண்டியதும் குளிர்ந்து உறைந்துவிடும். பிறப்பு முழுவதும் ஒரு நொடிக்குள் முடிகிறது. நிலக்கரி எரியும் அனல் மின் நிலையங்களின் உலைகளில் இதே காரியம் யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. சாம்பல் குளங்களின் மேல் மிதக்கும் சாம்பல்நிறப் பொடியில் இப்படிப்பட்ட வெற்றுருண்டைகள் நிறைய உண்டு.

அந்த 3எம் நிறுவனத்தின் வேறொரு பொருளும் இந்தக் கதைக்கு வேண்டும். 1902-இல் சுப்பீரியர் ஏரிக்கரையில் குருந்தம் என்னும் கடினமான கனிமத்தைத் தோண்டி விற்கத்தான் அந்த நிறுவனம் தொடங்கியது. தோண்டியது குருந்தமே இல்லை என்று பிறகு தெரிந்தது. பிழைக்க வழி தேடி உப்புத்தாள் செய்யப் போனார்கள். 1921-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் ஓக்கி கண்டுபிடித்த, தண்ணீரில் நனைத்தும் தேய்க்கக்கூடிய உப்புத்தாளை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கார்ப் பட்டறைகளில் வண்ணத் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்த தொழிலாளிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆக, இறக்கையின் மேல் பூசப்படும் குமிழியும் அதை அறுத்துத் தள்ளும் தாளும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

குமிழிக்குப் போக வேறு ஊர்களும் இருந்தன. எபாக்சி என்னும் பிசினில் நெருக்கமாகத் திணித்து இறுகவைத்தால் தண்ணீரில் மிதக்கும், நசுங்காத கட்டி கிடைக்கும். தடித்த சுவருள்ள குமிழிகளால் ஆன அத்தகைய கட்டிதான் ஆழ்கடல் கலங்களை மேலே கொண்டுவருகிறது. 2012 மார்ச் 26 அன்று ஜேம்ஸ் கேமரூன் தனியாக மரியானா அகழியின் அடிக்குப் போய்த் திரும்பிய கலத்தின் உடலில் பெரும்பகுதி இதுதான். விமானத்துக்கு வரும் குமிழி அவ்வளவு பலசாலி இல்லை. அதன் சுவர் மிக மெல்லியது. நகம் பட்டாலே உடையும். உடைவதுதான் அதனிடம் எதிர்பார்க்கப்படும் வேலை.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களிடையே அந்த வேலையைப் பரப்பியவர் பர்ட் ரூட்டான். கலிபோர்னியாவில் வளர்ந்து, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளராக இருந்தவர். 1974-இல் மொஹாவி பாலைவனத்தின் விமான நிலையத்தில் ரூட்டான் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரில்தான் தொழிற்சாலை. விற்றது வரைபடங்களும் கட்டுமுறை நூலும். 1975 மே 21 அன்று அவருடைய வேரிஈஸி முதன்முதலாகப் பறந்தது. வால்பகுதி இல்லை, மூக்கருகே ஒரு சிறிய முன்னிறக்கை, பின்னால் தள்ளும் புரொப்பெல்லர். அதே ஆண்டு ஆஷ்கோஷ் விமானக் கூடுகையில் அவருடைய அண்ணன் டிக் ரூட்டான் அதை ஓட்டித் தூரச் சாதனை செய்தார். மறு ஆண்டு வரைபடங்கள் விற்பனைக்கு வந்தன. 1979 ஜூன் 12 அன்று அதைவிடச் சற்றுப் பெரிய லாங்-ஈஸி பறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் டிக் அதை இறங்காமல் சுமார் 4,800 மைல் ஓட்டினார். எஞ்சின் 115 குதிரைசக்திதான்.

கண்ணாடி இழை விமானம் அப்போது புதிதல்ல. 1957-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபீனிக்ஸ் என்னும் கிளைடர் பறந்துவிட்டது. அதன் வழி வந்த கிளைடர் தொழிற்சாலைகள் இறக்கையை அச்சுக்குள் வார்த்தன. அச்சின் உட்புறம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்கும். முதலில் அதில் வெளிப்பூச்சைப் பூசி, அதன் மேல் இழைத் துணியை அடுக்கி, இறுகியபின் கழற்றினால் வெளிப்புறம் பளபளப்பாக வரும். ஆனால் ஓர் அச்சைச் செய்ய ஒரு விமானத்தைக் கட்டுவதைவிட அதிக உழைப்பு வேண்டும். நூறு இறக்கை செய்கிற தொழிற்சாலைக்கு அது கட்டும். வாழ்நாளில் ஒரேயொரு விமானம் கட்டப்போகிற பள்ளி ஆசிரியருக்கோ மின்பணியாளருக்கோ கட்டாது.

ரூட்டான் அச்சையே ஒழித்துவிட்டார். தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்த, அதைவிட நெருக்கமான நீல நுரைக்கட்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத் தகடுகளை ஆணியடித்து வைக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்து சூடான கம்பியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, தகட்டின் விளிம்போடு ஒரே வேகத்தில் இழுத்தால் இறக்கை வடிவம் சில நிமிடங்களில் நுரையில் அறுபட்டு நிற்கும். அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து எபாக்சி ஊட்ட வேண்டும். இறுகியதும் நுரையும் தோலும் சேர்ந்து வலுவான இறக்கை. அருமையான வழி. அச்சு செய்யும் உழைப்பு மட்டும் எங்கும் மறையவில்லை. அது முழுவதும் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டு, கட்டுகிறவரின் தோள்களில் வந்து இறங்கியது. அச்சிலிருந்து வரும் இறக்கைக்கு மென்மை வெளியிலிருந்து கிடைக்கிறது. இந்த இறக்கையின் வெளிப்புறமோ துணியின் நெசவு வரிகள், துணி மேல் துணி ஏறிய படிகள், சூட்டுக்கம்பி தயங்கிய இடங்களின் அலைகள் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நிற்கும். லாங்-ஈஸி கட்டுமுறை நூலின் 25-ஆம் அத்தியாயம் இதற்கென்றே எழுதப்பட்டது.

குமிழி இந்த விமானத்துக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைகிறது.

முதல் வாசல் நுரைக்கும் துணிக்கும் நடுவே. நுரையின் மேற்பரப்பில் திறந்த கண்ணறைகள் இருக்கும். வெறும் எபாக்சியைப் பூசினால் அவை அத்தனையும் குடித்துவிடும், விமானம் கனத்துப்போகும். அதனால் எபாக்சி ஒரு பங்கு, பொடி ஒரு பங்கு என்று கலந்த, வழிந்தோடும் கூழை முதலில் தேய்ப்பார்கள். இரண்டு முதல் நான்கு பங்கு பொடி சேர்த்தால் நுரைக் கட்டிகளை ஒட்டும் பசை. ஐந்து பங்குக்கு மேல் போட்டால் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத, செங்குத்துப் பரப்பிலும் வழியாத களி. இந்த மூன்றாவது கலவைக்கு உலர் மைக்ரோ என்று பெயர். முதல் வாசலில் போன குமிழி பாக்கியசாலி. துணிக்கு அடியில் முழு உருண்டையாகவே உறைந்து, விமானம் உள்ளவரை இருட்டில் கிடக்கும்.

இரண்டாவது வாசல் வெளித்தோலின் மேல். இறக்கை கட்டி முடிந்து, துணி இறுகி, அதன் பளபளப்பை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிய பிறகு உலர் மைக்ரோ ஏறுகிறது. நம் ஊரில் சுவருக்குப் பட்டி பார்க்கிறவர் பள்ளத்தை மட்டும் நிரப்பாமல் முழுச் சுவருக்கும் இழுத்துவிட்டுப் பிறகு தேய்ப்பாரே, அதே முறைதான். முழு இறக்கைக்கும் ஒரே மூச்சில், ஒரே பதத்தில் பூச வேண்டும். இன்று ஒரு திட்டு, நாளை ஒரு திட்டு என்று பூசினால் இரண்டு திட்டும் சேரும் இடம் வேறு கடினத்தில் இறுகும். தேய்க்கும்போது இளகியது சீக்கிரம் குழியும், கடினமானது மேடாக நிற்கும். அதனால்தான் இந்த வேலைக்கு நண்பர்களை அழைப்பது வழக்கம். ஒருவர் கலக்க, ஒருவர் சுமக்க, இருவர் பரப்புவார்கள். கலக்குகிறவர் பெரிய வாளி எடுக்கக் கூடாது. குமிழிகள் நிறைந்த கலவை சூட்டை வெளியே விடாது. எபாக்சி இறுகும்போது எழும் வெப்பம் நடுவில் தேங்கி, கலவை வாளியிலேயே புகைந்து கெட்டியாகிவிடும்.

இறுகியதும் இறக்கை பார்க்கவே சகிக்காது. வெள்ளையாக, திட்டுத் திட்டாக, வேண்டியதைவிடத் தடிமனாகக் கிடக்கும். இனி வேலையெல்லாம் எடுப்பதுதான்.

தேய்க்கும் கருவி ஒரு நீளப் பலகை. நான்கடி, ஆறடி நீளத்தில் வளையாத கட்டையின் அடியில் 36 அல்லது 40 எண் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு கைப்பிடி வைத்திருப்பார்கள். நீளம்தான் இதன் அறிவு. உள்ளங்கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் கை பள்ளத்துக்குள்ளும் இறங்கி, மேட்டின் மேலும் ஏறி, அலையை அப்படியே வழவழப்பாக்கிவிடும். நீளப் பலகை பள்ளத்தைத் தொடாமல் தாண்டி மேட்டை மட்டும் அறுக்கும். மின்சாரத்தில் அதிரும் தேய்ப்புக் கருவியையும் இந்தக் கட்டத்தில் அனுபவசாலிகள் தொட மாட்டார்கள். அது ஒரு நொடியில் தோண்டும் குழியை நிரப்ப ஒரு நாள் போகும். பலகையை இறக்கையின் நீளவாட்டுக்கு 45 பாகை சாய்வாக வைத்து ஒரு பக்கம், பிறகு எதிர்ச் சாய்வில் மறு பக்கம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒரே திசையில் போனால் அந்தத் திசையிலேயே வாய்க்கால் விழும்.

இந்த இடத்தில்தான் குமிழி தன் குணத்தைக் காட்டுகிறது. வெறும் எபாக்சியை இறுகவிட்டுத் தேய்த்துப் பார்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், கை ஓய்ந்துபோகும். அடியில் இருக்கும் இழைத் துணியைவிட நிரப்பி கடினமாக இருந்தால், தேய்க்கிறவர் நிரப்பியைச் சமப்படுத்துவதற்குள் துணியை அறுத்துவிடுவார். குமிழி நிறைந்த களியில் கண்ணாடியின் பங்கு மிகக் குறைவு, வெற்றிடமே அதிகம். தாளின் ஒவ்வொரு பருக்கையும் உருண்டைகளின் மண்டையைச் சீவிக்கொண்டு போகிறது. தூள் கொட்டுகிறது, தாள் அடைவதில்லை. முரட்டுக் கலவையானாலும் பலகைக்கு உடனே இடம்விடும் இந்தப் பணிவுக்காகத்தான் இத்தனை பொருள்களில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தேய்ப்பவர் எங்கே நிறுத்த வேண்டும்? நெசவின் நிழல் தெரியத் தொடங்கும் இடத்தில். வெள்ளைக் களிக்குக் கீழே சாம்பல்பச்சையாக, கட்டம் கட்டமாகத் துணி எட்டிப்பார்க்கும். அந்தத் துணிதான் இறக்கையின் எலும்பும் தசையும். அதற்கு மேல் ஒரு வீச்சு போனாலும் பலத்தை அறுக்கிறோம். நிரப்பியில் செய்த பிழை அழகைக் கெடுக்கும், துணியில் செய்த பிழை உயிரைக் கேட்கும். துணி தெரிந்த பிறகும் பக்கத்தில் பள்ளம் இருக்கிறதென்றால், தேய்ப்பதை விட்டுவிட்டு மறுபடி மைக்ரோ பூச வேண்டும். பொறுமையில்லாதவர்கள் தவறுவது இங்கேதான். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். சரியாகாது.

பள்ளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. பகல் வெளிச்சம் உதவாது. கொட்டகையை இருட்டாக்கி, ஒரு டியூப்லைட்டை இறக்கையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்தால் சாய்வெளிச்சத்தில் அலைகள் நிழல் கட்டும். கறுப்பு வண்ணத்தை மேலோட்டமாகத் தூவிவிட்டுத் தேய்ப்பது இன்னொரு வழி. மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பழகியவர்கள் கடைசியில் நம்புவது கையைத்தான். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையை இறக்கையின் குறுக்கே மெதுவாக ஓட்டினால், கண்ணுக்குத் தப்பிய அலை கைக்குத் தட்டுப்படும்.

தரையில் குவிகிற தூளைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. பூசிய மைக்ரோவில் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேருகிறது. மின்னசோட்டாக் கண்ணாடி, சுவாலையில் ஊதப்பட்டு, மூட்டையில் பயணம் செய்து, பாலைவனத்துக் கொட்டகையில் சில நாள் இறக்கையாக இருந்து, கடைசியில் விளக்குமாற்றின் முன் வெள்ளைத் தூளாகக் கிடக்கிறது. இதை வீண் என்று நினைப்பது தவறு. சரியான வடிவத்துக்கு மேலே நின்ற குமிழிகள் தங்கள் வேலையைச் செய்து முடித்தவை. பள்ளத்தில் இருந்தவற்றுக்குப் பலகை இறங்காமல் பாதுகாப்பாக நின்றவை அவை. ஆனால் தூள் ஆபத்தானது. இந்தக் கண்ணாடி படிக வடிவம் கொண்டதல்ல, அதனால் கல்குவாரித் தூசிபோல் சிலிகோசிஸ் தருவதில்லை என்றாலும் கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். அதைவிடக் கெட்டது எபாக்சி. முழுதாக இறுகாத எபாக்சியின் தூள் உடலில் ஒவ்வாமையை விதைத்துவிடும். ஒருமுறை விதைந்துவிட்டால் பிறகு எபாக்சியின் அருகே போனாலே தோல் தடித்துச் சிவக்கும். பாதி கட்டிய விமானத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். சரியான முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பதைத் துணிச்சல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

80, 100 எண் தாள்கள் வரை இறங்கி, இறக்கை கைக்கு வழவழவென்று ஆனதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். பிரைமர் அடித்த மறுநிமிடம் அந்த மகிழ்ச்சி போய்விடும். ஆயிரக்கணக்கில் ஊசித்துளைகள் கண்ணைத் திறக்கும். கலக்கும்போதும் பரப்பும்போதும் களிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்கள் தேய்ப்பில் வாய் திறந்தவை அவை. தலை சீவப்பட்ட கண்ணாடி உருண்டைகளும் கிண்ணம் கிண்ணமாக நிற்கின்றன. முழு உருண்டையாக இருந்தவரை காற்றையும் எபாக்சியையும் வெளியே நிறுத்திய குமிழி, வெட்டுப்பட்டதும் பள்ளமாக மாறிவிடுகிறது. வண்ணம் எவ்வளவு அடித்தாலும் துளையின் விளிம்பில் இழுபட்டு நிற்குமே தவிர உள்ளே இறங்காது.

முன்பெல்லாம் தடித்த பிரைமரை மேலே மேலே அடித்து, மறுபடி தேய்த்து, இந்தத் துளைகளோடு மாதக்கணக்கில் போராடினார்கள். கனமும் ஏறியது. மொஹாவியில் சிமெட்ரி என்ற தன் விமானத்தை வியக்கத்தக்க நேர்த்தியோடு கட்டிய கோரி பேர்டின் பெயரால் இன்று பலரும் பின்பற்றும் வழி வேறு. பொடி எதுவும் கலக்காத வெறும் எபாக்சியை எடுத்து, ரப்பர்த் தகட்டால் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாத அளவுக்கு வழித்துவிடுவது. கொஞ்சம் இறுகியதும் மறுபடி ஒரு வழிப்பு. இப்படி நான்கைந்து. எபாக்சி கிண்ணங்களுக்குள் இறங்கி நிரம்பிவிடும், மேற்பரப்பில் மெல்லிய ஏடு மட்டும் நிற்கும். பின்பு இறுதியாகத் தேய்த்தால் பிரைமருக்குத் துளையில்லாத தளம் தயார். இந்தத் தொழிலில் எத்தனையோ குறுக்குவழிகள் சொல்லப்படுகின்றன. உழைப்பையும் எடையையும் ஒருங்கே குறைத்தது என்று நான் மதிப்பது இதைத்தான்.

அடுத்து வருவது கறுப்பு. சூரியனின் புற ஊதாக் கதிர் எபாக்சியைச் சிதைக்கும், நுரையையும் விடாது. ஆகவே கரித்தூள் கலந்த கரும் பிரைமர் ஒன்று கதிரைத் தடுக்கும் திரையாக அடிக்கப்படுகிறது. அதற்கு மேலே வெள்ளை. ரூட்டானின் விமானங்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையாக இருப்பது ரசனையால் அல்ல. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சி, நீர் கொதிக்கும் வெப்பத்துக்கு வெகு கீழேயே இளகத் தொடங்கும். அடர்நிறம் பூசிய இறக்கையை மொஹாவி வெயிலில் நிறுத்தினால் தோல் தளர்ந்து, தன் எடைக்கே வளையலாம். இறக்கையின் மேற்பகுதி வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது வரைபடத்தோடு வந்த கட்டளை.

இவ்வளவு பாடு எதற்கு? அழகுக்கு மட்டும் என்றால் இத்தனை மனிதர்கள் தோள் ஒடியத் தேய்த்திருக்க மாட்டார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கிளம்பும் காற்று முதலில் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் தோலை ஒட்டிச் சறுக்குகிறது. ஒரு கட்டத்தில் கலைந்து சுழல்கிறது. சுழலும் காற்றின் உராய்வு பல மடங்கு அதிகம். கலையும் இடம் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு லாபம். முன்விளிம்புக்கு அருகே ஓர் அலையோ, வண்ணத்தின் ஒரு படியோ, நசுங்கிய ஒரு பூச்சியோ போதும், காற்று அங்கேயே கலைந்துவிடும். ஆணியடித்த உலோகத் தகட்டு இறக்கைகளில் இந்த லாபத்தைப் பெறுவது கடினம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் புரூஸ் ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் புதுவகை விமானங்களைப் பறக்கவிட்டு அளந்தார்கள். வேரிஈஸியும் லாங்-ஈஸியும் அந்த வரிசையில் இருந்தன. தோலில் ஆவியாகிற ரசாயனத்தைத் தூவிப் பறந்தால், காற்று சுழலும் இடத்தில் அது சீக்கிரம் மறையும், சறுக்கும் இடத்தில் வெள்ளையாக நிற்கும். 1984-இல் வெளியான அறிக்கை, இத்தகைய பரப்புகளில் காற்று கலையாமல் கணிசமான தூரம் போகிறது என்பதை உறுதி செய்தது. கொட்டகையில் நீளப் பலகை தள்ளியவர்களின் உழைப்பும் ஆய்வுக்கூடத்தில் அளவையாகப் பதிவானது.

அதன் மறுபக்கத்தையும் அவர்கள் வானத்தில் அனுபவித்தார்கள். அந்த விமானங்களின் முன்னிறக்கைக்கு முதலில் எடுத்தாண்ட வடிவம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. காற்று கலையாதவரை நிறையத் தூக்கும். மழைக்குள் நுழைந்தால் நீர்த்துளிகள் தோலில் ஒட்டிக் காற்றைக் கலைத்துவிடும், முன்னிறக்கையின் தூக்குவிசை குறையும், விமானத்தின் சமநிலை மாறும். விமானி கைப்பிடியை அழுத்தமாகப் பிடித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லா வேரிஈஸிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சில மழையில் மூக்கைத் தாழ்த்தின, சில தூக்கின. வரைபடம் ஒன்று, நுரை ஒன்று, துணி ஒன்று. ஒவ்வொருவரும் தேய்த்து எடுத்த வடிவம்தான் வேறு. 1980-களின் நடுவில் ஜான் ரான்ஸ் வடிவமைத்த புதிய முன்னிறக்கை வந்த பிறகு மழைத் தொல்லை அடங்கியது. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவர்கள் பலர் பழைய முன்னிறக்கையைக் கழற்றிவிட்டு, மறுபடி நுரை அறுத்து, துணி விரித்து, மைக்ரோ பூசி, மறுபடி தேய்த்தார்கள்.

கடைசிக் கணக்கு எடை. குமிழி எவ்வளவு லேசானாலும் அதைச் சுமக்கும் எபாக்சி லேசானதல்ல. பிரைமரும் வண்ணமும் அதைவிடக் கனம். லாங்-ஈஸியின் வெற்று எடையே 320 கிலோவைச் சுற்றித்தான். பூச்சு வேலையில் கவனம் தவறினால் பத்து, பதினைந்து கிலோ சத்தமில்லாமல் ஏறிவிடும். ஒவ்வொரு பயணத்திலும் அதற்கு எரிபொருளோ சுமையோ ஈடு கொடுக்க வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்குவதற்காக வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றி ஆழமான பளபளப்பு வாங்கியவர்களை நான் பாராட்ட மாட்டேன். காற்றுக்கு வேண்டியது சரியான வடிவம், பளபளப்பு அல்ல. பள்ளத்தில் இருக்கும் மைக்ரோ மட்டும் பறக்க வேண்டும், மற்றது தரைக்குப் போக வேண்டும்.

முன்னிறக்கையின் பின்விளிம்பில் கீல் வைத்து ஆடும் எலிவேட்டர்களில் இது எடைக்கணக்கோடு முடிவதில்லை. கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் அவற்றின் சமநிலையைக் கெடுக்கும். கெட்டால் வேகத்தில் படபடக்கத் தொடங்கும், படபடப்பு சில நொடிகளில் விமானத்தையே பிய்க்கக்கூடியது. அதனால் எலிவேட்டரைக் கீலில் தொங்கவிட்டு, மூக்கு எந்தக் கோணத்தில் தாழ்கிறது என்று பார்க்கும் சோதனையை, வண்ணம் அடித்து உலர்ந்த பிறகும் செய்ய வேண்டும். குறித்த எல்லைக்குள் நிற்காத எலிவேட்டரோடு பறக்கக் கூடாது. வண்ணம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி உப்புத்தாளைக் கையில் எடுங்கள்.